தொடக்கச் சுற்றில் பெரிய ஜோடி: அடிக்கடி தோற்பதும் அதிகம் இழப்பதும்

உங்கள் கேள்வியை என் சொற்களில் ஒருமுறை சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். பாபநாசம் பக்கத்துக்காரரான நீங்கள் இப்போது மான்செஸ்டரில் வேலையில் இருக்கிறீர்கள். அங்கே உரிமம் பெற்ற தளம் ஒன்றில் 1 பவுண்டு, 2 பவுண்டு நுழைவுக் கட்டணம் உள்ள போக்கர் டோர்னமென்ட்டுகளை வார இறுதியில் ஆடுகிறீர்கள். முதல் ஒரு மணி நேரத்துக்குள் ஏஸ் ஜோடி, கிங் ஜோடி, குயின் ஜோடி ஆகியவற்றில் ஒன்று கைக்கு வந்த கடைசி 11 முறையில் 7 முறை தோற்றிருக்கிறீர்கள். முதலில் மினிமம் ரெய்ஸ் (பந்தயத்தை விதி அனுமதிக்கும் மிகக் குறைந்த அளவுக்கு ஏற்றுவது) செய்து பார்த்தீர்கள், நான்கு பேர் கூடவே வந்தார்கள். பிறகு எடுத்த எடுப்பில் ஆல்-இன் போட்டீர்கள், அதாவது கையிலுள்ள சிப்ஸ் முழுவதையும் வைத்தீர்கள்; எல்லாரும் சீட்டைக் கவிழ்த்து விலகிவிட்டு, கட்டாயப் பந்தயமாக நடுவில் இருந்த 75 சிப்ஸை உங்களிடம் தள்ளினார்கள். நண்பர் ஒருவரோ ரெய்ஸே செய்யாமல் பதுங்கி ஆடச் சொல்கிறார். மூன்றில் எது சரி என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் கடைசி வரியில் 'நான் ஆடுவது தப்பா, தளத்தில் ஏதாவது கோளாறா?' என்று எழுதியிருக்கிறீர்களே, உண்மையான கேள்வி அதுதான் என்று நினைக்கிறேன். அதற்கு விடை தெரிந்தால் மற்ற மூன்றுக்கும் பெருமளவு விடை கிடைத்துவிடும்.

நான் கும்பகோணத்தில் புள்ளியியல் கற்பிப்பவன். இந்த ஆட்டத்தைச் சிறு கட்டண மேசைகளில் பல ஆண்டுகள் ஆடியிருக்கிறேன். இப்போது வெளிநாடுகளில் இருக்கும் பழைய மாணவர்கள் அனுப்பும் ஆட்டப் பதிவுகளைப் பார்த்துக் கணக்குச் சொல்வதோடு சரி. பெரிய கட்டண மேசைகளில் எனக்குப் பழக்கமில்லை, ஆகையால் இங்கே சொல்வதை அங்கே அப்படியே பொருத்த வேண்டாம். தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் பக்கத்திலிருந்து படிப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. 2025 ஆகஸ்ட் 22 அன்று குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்ற ஒன்றிய அரசின் இணையவழி விளையாட்டுச் சட்டம், திறமை ஆட்டம், அதிர்ஷ்ட ஆட்டம் என்ற வேறுபாடு பாராமல், பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டு முழுவதையும் இந்தியாவில் தடை செய்கிறது. ஆன்லைன் ரம்மியால் எத்தனை குடும்பங்கள் நொந்தன என்பது நம் ஊரில் யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. எனவே இந்தப் பதில், சட்டம் அனுமதிக்கும் நாட்டில் இருப்பவர்களுக்கும், பணமில்லாமல் வெறும் சிப்ஸ் வைத்து ஆடுபவர்களுக்கும் மட்டுமே.

முதலில் அந்த 11-இல் 7 என்ற கணக்கைப் பார்ப்போம். பெரிய ஜோடியோடு ஒரே ஒருவரை எதிர்த்து முழுத் தொகையையும் வைத்தால், எதிரியின் கை சுமாரானதாக இருந்தாலும் ஓரளவு நல்லதாக இருந்தாலும், பத்துக்கு எட்டு முறை நாம் ஜெயிப்போம் என்று வைத்துக்கொள்ளலாம். அந்த வீதத்தில் ஆடும் ஒருவர் 11 முறையில் நான்கோ அதற்குக் குறைவாகவோ ஜெயிப்பதற்கான வாய்ப்பு ஏறத்தாழ 500-இல் 1. உங்கள் ஆட்டங்கள் அப்படி நடந்திருந்தால் நானும் புருவத்தை உயர்த்தியிருப்பேன். ஆனால் அவை அப்படி நடக்கவில்லை. பெரும்பாலானவற்றில் நான்கு பேர் உங்களோடு ஃப்ளாப் (நடுவில் முதலில் திறக்கும் மூன்று பொதுச் சீட்டு) பார்த்திருக்கிறார்கள். நான்கு பேர் ஏதோ ஒரு கையோடு ரிவர் (ஐந்தாவது, கடைசிப் பொதுச் சீட்டு) வரை வந்தால் ஏஸ் ஜோடி ஜெயிக்கும் வீதம் 56, கிங் ஜோடிக்கு 50, குயின் ஜோடிக்கு 45. மூன்றின் சராசரி 50 சதவீதம். நாணயம் சுண்டுவது போன்ற அந்த வீதத்தில் 11-இல் நான்கோ குறைவாகவோ ஜெயிக்கும் வாய்ப்பு 27 சதவீதம். அதாவது, உங்களைப் போல ஆடும் நான்கு பேரைக் கூட்டி வைத்தால் அவர்களில் ஒருவர் இதே புகாரோடு வருவார். தளத்தின் மேல் சந்தேகப்பட இந்த எண்களில் இடமில்லை. இன்னொன்றும் உண்டு. இந்த மூன்று ஜோடிகளில் ஏதாவது ஒன்று கைக்கு வருவதே சராசரியாக 74 ஆட்டங்களுக்கு ஒருமுறைதான். ஒன்பது பேர் மேசையில் ஒரு மணி நேரத்துக்கு அறுபது எழுபது ஆட்டம் ஓடினால், தொடக்க மணி நேரத்துக்கு ஒன்று கிடைத்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. அவ்வளவு அரிதாக வருவது தோற்றால் நெஞ்சில் ஒட்டிக்கொள்கிறது. 75 சிப்ஸோடு சத்தமில்லாமல் ஜெயித்தது மறந்துபோகிறது.

இங்கேதான் பலரும் தடுக்கி விழும் இடம் இருக்கிறது. ஆள் கூடக் கூட ஜெயிக்கும் வீதம் குறைகிறது, ஆகவே ஆளைக் குறைக்க வேண்டும் என்று உடனே முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். கணக்கு அவ்வளவு நேர்கோடானது அல்ல. ஏஸ் ஜோடியோடு ஒருவரை எதிர்த்து ஆல்-இன் ஆனால் 85 சதவீதம் ஜெயிப்போம். நடுவில் இருப்பது இரண்டு பேர் தொகை. நம் பங்கு சராசரியாக 1.7 மடங்கு. ஐந்து பேரை எதிர்த்து ஆல்-இன் ஆனால் ஜெயிப்பது 49 சதவீதம்தான். ஆனால் நடுவில் இருப்பது ஆறு பேர் தொகை. நம் பங்கு ஏறத்தாழ 2.95 மடங்கு. பாதிக்கு மேல் தோற்கிறோம், ஆனாலும் மூன்று மடங்கை நெருங்குகிறோம். அடிக்கடி தோற்பது வேறு, அதிகம் இழப்பது வேறு. இது கூட்டல் பெருக்கலில் வருவது, இதில் எனக்கு ஐயமில்லை.

அப்படியானால் நான்கு பேர் வருவது நல்லதுதானே என்று கேட்பீர்கள். எல்லாரும் ஃப்ளாப்புக்கு முன்பே முழுத் தொகையையும் வைத்துவிட்டால் நல்லதுதான். உங்கள் ஆட்டத்தில் நடப்பது வேறு. நான்கு பேரும் நூறு நூறு சிப்ஸ் வைத்து ஃப்ளாப்பை மலிவாகப் பார்க்கிறார்கள். சீட்டு அவர்களுக்குப் பொருந்தாவிட்டால் நூறோடு போய்விடுகிறார்கள். பொருந்தினால் மட்டும் உங்கள் மீதி 4,900-ஐக் குறி வைக்கிறார்கள். நீங்கள் ஜெயிக்கும்போது சிறிய தொகை, தோற்கும்போது முழு அடுக்கு, அதாவது கையிலுள்ள சிப்ஸ் எல்லாம். மினிமம் ரெய்ஸின் உண்மையான கேடு இந்தச் சமனின்மைதான். ஜெயிக்கும் வீதம் குறைவது அதற்கு அடுத்தபட்சம்.

நம் ஊர்ப் பழக்கம் ஒன்றும் இதில் சேர்ந்திருக்கும் என்று ஊகிக்கிறேன். கல்யாண வீட்டில் முகூர்த்தத்துக்கு முந்தின ராத்திரி பாய் விரித்து உட்கார்ந்து பதின்மூன்று சீட்டு ரம்மி ஆடிப் பழகியவர்களுக்கு, நல்ல கை எடுத்தவுடன் ஒரு தெம்பு வரும். ரம்மியில் அது நியாயம். நல்ல தொடக்கம் சீட்டு எடுக்க எடுக்க மேம்படும். வேண்டாததை நாமே கழிக்கிறோம். போக்கரில் நடுவில் விழும் ஐந்து சீட்டும் எல்லாருக்கும் பொது. கையில் இருக்கும் ஜோடி ஃப்ளாப்பில் மூன்றாவது சீட்டோடு சேர்வது 12 சதவீத நேரம்தான். மீதி நேரம் நம் கை அப்படியே நிற்க, எதிராளிகளின் கைதான் வளர்கிறது. பெரிய ஜோடி அதன் முழு பலத்தோடு இருப்பது ஃப்ளாப்புக்கு முன்னால்தான் என்பதால், அந்த நேரத்தில் சிப்ஸை உள்ளே கொண்டுவர வேண்டும்.

எவ்வளவு? உங்கள் தளத்தில் 5,000 சிப்ஸோடு, பிளைண்ட் (சீட்டைப் பார்க்கும் முன்பே இருவர் வைக்க வேண்டிய கட்டாயப் பந்தயம்) 25/50 என்று தொடங்குகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். முன்னால் யாரும் வராதபோது 150 முதல் 200 வரை, முன்னால் வெறுமனே 50 வைத்து வந்தவர் ஒவ்வொருவருக்கும் இன்னொரு 50 சேர்த்து, என்பது என் வழக்கம். இரண்டு பேர் அப்படி லிம்ப் செய்து (ஏற்றாமல் வெறும் 50 வைத்து) வந்திருந்தால் குறைந்தது 250. இந்த 250-க்கு அந்த இருவரும் கால் செய்து (ஈடாக அதே தொகையை வைத்து), பிளைண்டில் இருப்பவர்கள் கவிழ்த்தால் நடுவில் 825 சேரும். ஃப்ளாப்பில் அதில் மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 550 வையுங்கள். ஒருவர் மட்டும் தொடர்ந்தால் 1,925. நான்காவது பொதுச் சீட்டான டர்னில் 1,300, அவரும் வைத்தால் 4,525. ரிவரில் உங்களிடம் மிச்சம் 2,900, அதுவும் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குதான். எந்த இடத்திலும் மிகையாகப் பந்தயம் கட்டாமல், மூன்று அடியில் முழு அடுக்கும் உள்ளே போய்விடுகிறது. இதே கையை லிம்ப் செய்து, நம்மையும் சேர்த்து ஐந்து பேராகப் பார்த்தால் நடுவில் 250. ஃப்ளாப்பில் 165, டர்னில் 385, ரிவரில் 900 என்று அதே விகிதத்தில் போனாலும் கடைசியில் நீங்கள் உள்ளே கொண்டுவந்தது மொத்தம் 1,500. தலைமடையில் எவ்வளவு விட்டோமோ அதற்குத் தக்கபடிதான் கடைமடைக்கு எட்டும். ஃப்ளாப்புக்கு முன் வைக்கும் அந்த ஒரு ரெய்ஸ்தான் ரிவரில் நாம் எவ்வளவு கேட்க முடியும் என்பதைத் தீர்மானிக்கிறது.

250 என்பது உறுதியான எண் அல்ல என்பதையும் சொல்லிவிடுகிறேன். சில மேசைகளில் 250-க்கும் நான்கு பேர் வருவார்கள், அங்கே 350 வைத்துப் பாருங்கள். சில மேசைகளில் 200 வைத்தாலே எல்லாரும் ஓடிவிடுவார்கள். ஒன்றிரண்டு பேர் கால் செய்யும் அளவு எதுவோ அதுவே அந்த மேசைக்குச் சரியான அளவு. அதைப் பக்கத்து ஆட்டங்களைக் கவனித்துத்தான் பிடிக்க வேண்டும், சூத்திரம் எதுவும் இல்லை. ஒன்றே ஒன்று: ஏஸ் ஜோடிக்கு ஓர் அளவு, சுமாரான கைக்கு வேறோர் அளவு என்று மாற்றி மாற்றி வைக்காதீர்கள். சிறு கட்டண மேசையில் அதைக் கவனிப்பவர்கள் குறைவு என்றாலும், கவனிக்கும் அந்த ஒருவர்தான் உங்களுக்குச் செலவு வைப்பார்.

எடுத்த எடுப்பில் ஆல்-இன் போடுவதை எல்லாரும் முட்டாள்தனம் என்பார்கள். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். ஏஸ் ஜோடியோடு 5,000-ஐயும் தள்ளுகிறீர்கள், பத்தில் ஒருமுறை மட்டும் யாரோ கால் செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கால் வராத ஒன்பது முறையும் 75 சிப்ஸ். கால் வந்தால், ஜெயிக்கும் வீதம் 82 என்று கொண்டால், சராசரி லாபம் 3,200. இரண்டையும் சேர்த்தால் ஆட்டத்துக்கு ஏறத்தாழ 390 சிப்ஸ், 50 சிப்ஸை ஒரு பிளைண்டாகக் கொண்டால் கிட்டத்தட்ட எட்டு பிளைண்ட். இது அற்பமல்ல. மிக மலிவான டோர்னமென்ட்டுகளில் முதல் சில நிமிடங்களில் ஏஸ்-ஒன்பது, ஏழு ஜோடி வைத்துக்கொண்டு முழுத் தொகைக்கும் கால் செய்பவர்கள் இருக்கத்தான் செய்கிறார்கள். ஆனால் சாதாரண ரெய்ஸ் இதைவிட அதிகம் தருமா குறைவாகத் தருமா என்பது எதிரே யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. அதிகம் தரும் என்பது என் அனுபவம். அனுபவம் என்பதற்கு மேல் அதற்கு எடை கொடுக்க மாட்டேன். குயின் ஜோடியில் நிலைமை வேறு, இங்கே உறுதியாகவே சொல்லலாம். ஆல்-இன்னுக்குக் கால் செய்பவர் கையில் ஏஸ் ஜோடி, கிங் ஜோடி, ஏஸ்-கிங் மட்டும்தான் இருக்கும் என்றால், குயின் ஜோடி ஜெயிப்பது 40 சதவீதம்தான். நம்மைவிட மோசமானவர்களை எல்லாம் ஓட்டிவிட்டு, மேலானவர்களை மட்டும் வரவழைத்துக்கொள்கிறோம். தொடக்கத்தில், நூறு பிளைண்ட் கையில் இருக்கும்போது குயின் ஜோடியோடு முதல் ஆளாக ஆல்-இன் போடுவதை நிறுத்திவிடுங்கள்.

உங்கள் நண்பர் சொல்லும் பதுங்கல் எங்கே பலிக்கும் என்றால், நமக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவர் யார் லிம்ப் செய்தாலும் பாய்ந்து ரெய்ஸ் செய்யும் ஆளாக இருந்தால் பலிக்கும். அவர் 250 வைப்பார், நாம் 800-க்கு ஏற்றலாம். சிறு கட்டண மேசையில் அப்படிப்பட்டவர் மேசைக்கு ஒருவர் இருந்தால் அதிகம். மற்றவர்கள் மலிவாகப் பார்க்கும் ஆசையில் இருப்பவர்கள். நாமே மலிவாகக் கொடுத்தால் நன்றியோடு வாங்கிக்கொள்வார்கள். பிக் பிளைண்டில் இருப்பவர், அதாவது கட்டாயப் பந்தயமாக 50 வைத்தவர், ஒன்பது-நான்கு என்ற உருப்படாத கையோடு ஓசியில் ஃப்ளாப் பார்ப்பார். ஒன்பது, நான்கு, இரண்டு என்று விழும். நம் ஏஸ் ஜோடிக்கு அந்த ஃப்ளாப் தேவாமிர்தமாகத் தோன்றும், ஆனால் அவர் கை இரண்டு ஜோடியாகி நம்மை முந்தியிருக்கும். 250 வைத்திருந்தால் அந்த ஒன்பது-நான்கு அங்கே இருந்திருக்கவே இருக்காது.

ஃப்ளாப்புக்குப் பின் வரும் ஆட்டத்தில் உறுதியானது கொஞ்சம், பழக்கத்தில் வருவது அதிகம். உறுதியானவை இவை: கிங் ஜோடி வைத்திருக்கும்போது ஃப்ளாப்பில் ஏஸ் விழும் வாய்ப்பு 23 சதவீதம், குயின் ஜோடிக்கு ஏஸோ கிங்கோ விழுவது 41, ஜாக் ஜோடிக்கு மேலான சீட்டு விழுவது 57. ஜாக் ஜோடியைப் பெரிய ஜோடிகளின் வரிசையில் சேர்க்காமல் விட்டீர்களே, அது சரி. பாதிக்கு மேற்பட்ட ஃப்ளாப்புகளில் அது இரண்டாம்தர ஜோடியாகிவிடுகிறது. பிறகு, நான்கு இஸ்பேடு வைத்துக்கொண்டு, நம் ஜோடியை வெல்லும் ஐந்தாவதுக்குக் காத்திருப்பவருக்கு அடுத்த ஒரு சீட்டில் அது வருவது ஏறத்தாழ ஐந்தில் ஒன்று. நடுவில் சேர்ந்திருக்கும் பாட் தொகையில் பாதியை நீங்கள் வைத்தால், அவர் கால் செய்வது ஈடாக நான்கில் ஒரு முறையாவது அவருக்குச் சீட்டு வர வேண்டும், வராது. அதனால் மூன்றில் இரண்டு பங்கு வைப்பது அவரை விரட்டுவதற்காக அல்ல, அவர் நஷ்டத்தில் தொடரட்டும் என்பதற்காக. அவர் தொடர்ந்து, இஸ்பேடு விழுந்து, ஜெயித்தும்விட்டால் நம் பந்தயம் தப்பாகிவிடாது.

பழக்கத்தில் வருவது என்று நான் சொல்வதில் முதலாவது, அமைதியானவரின் ரெய்ஸ். அரை மணி நேரமாக கால், செக் (பந்தயம் கட்டாமல் கடத்துவது), கால் என்றே ஆடிக்கொண்டிருந்த ஒருவர், நீங்கள் டர்னில் 1,300 வைத்ததும் அதை 2,600 ஆக்கினால், அவரிடம் இருப்பது பெரும்பாலும் இரண்டு ஜோடி அல்லது மூன்று ஒரே சீட்டு. ஏமாற்றுப் பந்தயம் அவர்கள் அகராதியிலேயே அநேகமாக இல்லை. ஏஸ் ஜோடியும் அந்த நேரத்தில் வெறும் ஒரு ஜோடிதான்; வயிறெரிந்தாலும் கவிழ்த்துவிடுவது நல்லது. சிறு ஜோடிக்காரர் ஃப்ளாப்பில் மூன்றாவதைப் பிடிப்பது எட்டு ஒன்பது முறைக்கு ஒருமுறைதான், ஆனால் பிடித்தபோதெல்லாம் நாம் 5,000-ஐயும் கொடுப்போம் என்றால் 250 வைத்துப் பார்ப்பது அவருக்குக் கொள்ளை லாபம். அந்த லாபத்தை அவருக்குக் கொடுக்காமல் இருப்பதுதான் நம் வேலை. இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு: எதற்கெடுத்தாலும் ரெய்ஸ் செய்யும் துடுக்கானவரிடம் இதே விதியை வைத்துக்கொண்டு கவிழ்த்துக்கொண்டே இருந்தால் அவர் நம்மைச் சுரண்டிவிடுவார். முதல் இருபது ஆட்டங்களில் எதிராளி எந்த ரகம் என்று தெரியாதபோது என்ன செய்வது என்று கேட்டால், சிறு கட்டண மேசையில் அமைதியானவர் என்று அனுமானித்துக்கொள்வது குறைந்த செலவுள்ள தவறு என்றுதான் சொல்வேன். இதை நிரூபிக்க என்னிடம் எண் இல்லை.

ஃப்ளாப்புக்கு முன்னாலேயே கிங் ஜோடியைக் கவிழ்க்கலாமா என்றும் ஒரு கேள்வி வைத்திருந்தீர்கள். ஒன்பது பேர் மேசையில், உங்கள் கையில் கிங் ஜோடி இருக்கும்போது மற்ற எட்டுப் பேரில் யாரிடமாவது ஏஸ் ஜோடி இருக்கும் வாய்ப்பு 4 சதவீதம், அதாவது 25-இல் ஒருமுறை. அந்த ஒருமுறைக்குப் பயந்து மற்ற 24 முறையையும் விட வேண்டாம். சிறு கட்டண மேசையில் கிங் ஜோடியை ஃப்ளாப்புக்கு முன் கவிழ்க்கும் அளவுக்கு எதிராளியின் மனத்தைப் படிக்க முடியும் என்று நான் நம்பவில்லை, உள்ளே போய்விடுங்கள். குயின் ஜோடியில் எனக்குத் தயக்கம் உண்டு. ஒருவர் 150 வைக்க, நீங்கள் 450 ஆக்க, அவர் 1,200 ஆக்கினால், பல நேரம் நான் கால் செய்து ஃப்ளாப் பார்ப்பேன். அதுவரை ஒருமுறைகூட ரெய்ஸ் செய்யாதவர் அவர் என்றால் கவிழ்த்தும் இருக்கிறேன். இரண்டில் எது மேல் என்று தேர்ந்தவர்களே அடித்துக்கொள்ளும் இடம் இது.

டோர்னமென்ட் என்பதால் தொடக்கத்தில் பத்திரமாக இருக்க வேண்டாமா என்ற கவலை உங்கள் கேள்வி முழுக்க இழையோடுகிறது. இழந்தால் வெளியேற வேண்டும் என்பது உண்மை. இரட்டித்த சிப்ஸுக்குச் சரியாக இரட்டிப்பு மதிப்பு கிடையாது என்பதும் உண்மை. ஆனால் நூற்றுக்கணக்கானவர்கள் ஆடும் டோர்னமென்ட்டின் முதல் மணியில் இந்த வேறுபாடு மிகச் சிறியது. பரிசு பெறும் இடங்கள் அருகில் வரும்போதுதான் அது பெரிதாகும். பெரும்பாலான சிறு கட்டண டோர்னமென்ட்டுகளில் பத்திலிருந்து பதினைந்து சதவீதம் பேருக்குத்தான் பணம், அதிலும் கடைசி வரிசைக்குக் கிடைப்பது கட்டணத்தைவிடக் கொஞ்சம் கூடுதல். கனமான பங்கு முதல் மூன்று நான்கு பேருக்கு. சும்மா பிழைத்துக் கிடந்தால் பிளைண்ட் ஏறி ஏறி நம்மைத் தின்றுவிடும். தொடக்கத்தில் கிடைக்கும் பெரிய ஜோடி, தவறாக ஆடுபவர்கள் எல்லாரும் இன்னும் மேசையில் இருக்கும்போது கிடைப்பது; அவர்கள் இன்னும் ஒரு மணி நேரத்தில் போய்விடுவார்கள், அவர்களின் சிப்ஸ் வேறு யாரிடமாவது சேர்ந்திருக்கும். மறுபடி கட்டணம் கட்டி நுழைய விடும் வகை டோர்னமென்ட் என்றால் முதல் மணியில் இன்னும் தாராளமாகக் கால் செய்வார்கள், அங்கே ரெய்ஸ் அளவை இன்னும் கொஞ்சம் ஏற்றலாம். ஆனால் நீங்களும் மறுபடி மறுபடி கட்டணம் கட்டத் தொடங்கினால் 1 பவுண்டு ஆட்டம் அந்த இரவில் 6 பவுண்டு ஆட்டமாகிவிடும், அந்தக் கணக்கையும் எழுதி வையுங்கள்.

இனி நீங்கள் பதிவிட்டிருந்த அந்தக் கிங் ஜோடி ஆட்டம். டீலர் இருக்கைக்கு ஒன்று முன்னால் நீங்கள். இரண்டு பேர் லிம்ப், நீங்கள் 100, இரண்டு பிளைண்டும் சேர்த்து நான்கு பேர் கால், நடுவில் 500. ஃப்ளாப்பில் ஏஸ், எட்டு, மூன்று. நால்வரும் செக் செய்ததும், 'யாரிடமும் ஏஸ் இல்லை' என்று முடிவு கட்டி 4,900-ஐயும் தள்ளியிருக்கிறீர்கள். ஏஸ்-ஐந்து வைத்திருந்த பிக் பிளைண்ட் கால் செய்துவிட்டார். தெரியாத 47 சீட்டில் ஏஸ் மூன்று. நான்கு பேர் கையில் உள்ள எட்டு சீட்டில் ஒன்றாவது ஏஸாக இருக்கும் வாய்ப்பு, சீட்டுகளைக் கண்ணை மூடிக்கொண்டு கொடுத்தாலே 44 சதவீதம். ஏஸ் வைத்திருப்பவர் 100 சிப்ஸுக்குக் கவிழ்க்க மாட்டார் என்பதால் உண்மையில் அதற்கும் மேல். நீங்கள் 250 வைத்து இரண்டு பேர் மட்டும் வந்திருந்தால் அந்த 44, இதே கணக்கில் 24 ஆகியிருக்கும். அப்போது ஃப்ளாப்பில் 400 வைத்துப் பார்ப்பது நியாயமான ஆட்டம். நான்கு பேர் இருந்த அந்த நிலையில் 4,900-க்குக் கால் செய்யும் எந்தக் கையும் உங்களை வென்றுகொண்டிருக்கும் கைதான், வெல்லாத கை எல்லாம் ஓடிவிடும். நால்வரும் செக் செய்தபோது நீங்களும் செக் செய்திருக்கலாம். டர்னில் யாராவது 200 வைத்தால் ஒருமுறை கால் செய்து, ரிவரில் அவரே மறுபடி பெரிதாக வைத்தால் கவிழ்த்திருக்கலாம். இழப்பு 300 சிப்ஸ். கையில் 4,700, அதாவது 94 பிளைண்ட் இருந்திருக்கும், அடுத்த 74 ஆட்டங்களுக்கு அது தாராளமாகவே போதும்.